மருந்தா, பறவையா?

தலைக்கவசத்தை என் கையில் திணித்துவிட்டு கோஜெக் மோட்டார் சைக்கிள் டாக்ஸிப் பையன் கேட்டது ஒரே கேள்வி. “ஓபாட்? பூரோங்?”

மருந்தா, பறவையா? கிழக்கு ஜகார்த்தாவில் பிராமுகா சந்தைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போவார்கள். ஒரு பக்கம் மாத்திரையும் டானிக்கும் மொத்த விலைக்குக் கிடைக்கும் கடைகள், அடுத்த பக்கம் பறவைகள். என் முகத்தைப் பார்த்து அவனால் முடிவுக்கு வர முடியவில்லை போலிருக்கிறது. “பூரோங்” என்றேன். சிரித்தான். இந்தோனேசியப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஆண்கள் கூடினால் சிரிக்கிற இன்னொரு அர்த்தமும் உண்டு. சரி, போகட்டும்.

நான் போனது ஒரு குரலைத் தேடி.

சிங்கப்பூரில் என் வீடு ஆங் மோ கியோவில். விடுமுறை நாளில் விடியற்காலை எழுந்து சாங்கி முனைக்குப் போய், பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து, படகேறி உபின் தீவுக்குப் போகிற கிறுக்கு எனக்கு உண்டு. பத்து நிமிடப் பயணம். இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள். அவற்றைத் தாண்டி மேற்கே மிதித்தால் காட்டோரத்தில் ஒரு பறவை பாடும். மலாயில் பாராவ் பாராவ். நம்மூர்க் கொண்டைக்குருவி, சின்னான் எல்லாம் இதற்குச் சொந்தம் என்றால் நம்ப மாட்டீர்கள். மைனாவைவிடப் பெரிய உடம்பு, வைக்கோல் நிறத் தலை, கன்னத்தில் மீசை முறுக்கியது போல ஒரு கறுப்புக் கோடு. பாட்டு, நிறைகுடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி இருக்கும். ஒன்று ஊற்றத் தொடங்கும். அதன் ஜோடி நடுவில் புகுந்துகொள்ளும். எது எங்கே விட்டது, எது எங்கே பிடித்தது என்று பிரிக்கவே முடியாது.

இந்தப் பறவை ஒரு காலத்தில் தாய்லாந்தின் தெற்கிலிருந்து மலாயா, சுமத்ரா, போர்னியோ, ஜாவாவரை ஆற்றோரமெல்லாம் பாடிக்கொண்டிருந்தது. இப்போது தாய்லாந்துக் காட்டில் இல்லை, ஜாவாக் காட்டில் இல்லை. 2018-ல் இதை ‘மிக மிக ஆபத்தில்’ என்கிற படிக்கு இறக்கினார்கள். அதற்குக் கீழே காட்டில் அற்றுப்போவது மட்டும்தான். அந்தச் சமயத்துக் கணக்குப்படி உலகத்தில் மிச்சம் 600-லிருந்து 1,700-க்குள். அதில் குறைந்தது 202 சிங்கப்பூரில், அவற்றிலும் பாதிக்கு மேல் உபினில். காடே இல்லாத ஊர் என்று எல்லோரும் கேலி செய்கிற ஊரில்!

இதற்கெல்லாம் காரணம் அந்தப் பாட்டுதான். ஜாவாவில் இதன் பெயர் சுச்சாக் ராவா. கூண்டில் வைத்துக் கேட்க இதைவிட உயர்ந்த குரல் இல்லை என்று ஒரு தலைமுறையே நம்பியது. காட்டில் கேட்டுப் பழகிய ஒன்று அது விற்கப்படுகிற இடத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. ஆசை என்று சொல்வது சரியா என்று தெரியவில்லை. துக்க வீட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று தோன்றுமே, கிட்டத்தட்ட அது.

சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தில் அடித்தது ஒரு புளித்த வாடை. எங்கேயோ தெரிந்த வாடையாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒரு கடை வாசலில் முறத்தில் வெள்ளை வெளேரென்று அரிசி போலக் குவித்து வைத்திருந்தார்கள். கிட்டே போனால் அரிசி நெளிகிறது. குரோத்தோ என்று பெயர். முசுறு எறும்பின் புழுவும் கூட்டுப்புழுவும். சின்ன வயதில் மாமரம் ஏறி முசுறுக் கடி வாங்கியவர்களுக்கு அந்த வாடை மறக்காது; எனக்கு உடனே வலது முழங்கை அரித்தது. பாடும் பறவைக்கு இதுதான் நெய்ச்சோறு. பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டி நிறைய மாவுப்புழு. இந்தோனேசியாவில் அதற்கு ஏனோ ‘ஹாங்காங் புழு’ என்று பெயர். காது கொடுத்துக் கேட்டால் சருகின் மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கடுத்து முட்டை அட்டைகளுக்குள் சிள்வண்டுகள், எண்ணி எண்ணிப் பையில் போட்டுத் தருகிறார்கள். இதற்கெல்லாம் மேல் கிராம்பு சிகரெட்டின் புகை. பறவைகளைப் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் தீனிக்கடையிலேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் பறவைகள். எப்படிச் சொல்வது? கூரைக் கம்பியிலிருந்து தரைவரை கூண்டு. மூங்கில் கூண்டு, வேலைப்பாடு செய்த தேக்குக் கூண்டு, வலையடித்த மரப்பெட்டி. தனிக் கூண்டுகளில் சில, துணியுறை போர்த்தி. கெரோடோங் என்கிற அந்த உறைக்குள் பறவை அமைதியாக இருக்கும். யாராவது வாங்குகிறவர் வந்தால் ஜிப்பை இழுத்துத் திறப்பார்கள், சோலைப்பாடி ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு பாடத் தொடங்கும். சோலைப்பாடி என்று நாம் சொல்கிற அதைத்தான் இவர்கள் முராய் பத்து என்கிறார்கள். பத்துமலையில் வருகிற அதே பத்து, கல். இன்றைக்குச் சந்தையின் ராஜா அதுதான். சுமத்ராவின் மேடான் வகைக்கு வால் நீளம், போர்னியோ வகைக்குக் குட்டை. வாலை சென்டிமீட்டரில் சொல்லி விலை பேசுகிறார்கள்.

ஒரு நடுத்தரப் பறவைக்கு நாலு மில்லியன் ரூபியா சொன்னார்கள். சிங்கப்பூர் வெள்ளிக்கு முந்நூற்றைம்பது பக்கம். போட்டியில் ஜெயித்த பறவை என்றால் பேச்சே வேறு. கிச்சாவ் மேனியா என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். வாராவாரம் எங்காவது போட்டி நடக்கும். வரிசையாகக் கூண்டுகளைத் தொங்கவிட்டு, நடுவர்கள் கீழே நடந்து நடந்து காதால் மார்க் போடுவார்கள். இடைவிடாமல் பாடுகிற பறவையைக் ‘காச்சோர்’ என்பார்கள். பாடாத பறவைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். “கடன்” என்றார் ஒருவர்.

தனிக் கூண்டு கிடைப்பது தேர்ந்தெடுத்த பறவைக்குத்தான். மற்றவை பெட்டிக்குள் மொத்தமாக. ஓம்பியோகான் என்று அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். காட்டில் வலை போட்டு அள்ளி வந்து, ஆண் பெண் பிரிக்காமல் ஒன்றாகத் திணித்திருக்கும் சரக்கு. சுமத்ராவின் பறவைகள் பல பஸ்ஸின் அடியிலும் லாரித் தார்ப்பாயின் கீழும் பெட்டி பெட்டியாக, பாகௌஹெனியிலிருந்து மெராக்குக்கு வரும் கப்பலில் கடல் தாண்டுகின்றன. வழியில் சாவது சாகும். ஒரு பெட்டியில் சில்லைகள், நூறு இருக்கும். சிலவற்றுக்குப் பச்சையும் ரோஸுமாகச் சாயம் அடித்திருந்தார்கள், குழந்தைகள் கேட்டு வாங்குவார்களாம். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே கடைப்பையன் ஒருவன் கதவைத் திறந்து கைவிட்டு, அடியில் கிடந்த ஒன்றை இரண்டு விரலால் எடுத்தான். கால் விறைத்திருந்தது. மற்ற கையில் போனில் பேசிக்கொண்டே அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டான். பையில் ஏற்கெனவே நாலைந்து கிடந்தன. பேச்சு நிற்கவில்லை. எதிர்முனையில் இருந்தவர் ஏதோ ஜோக் சொல்லியிருக்க வேண்டும், சிரித்தான்.

2014 ஜூலையில் ஆய்வாளர்கள் சிலர் மூன்று நாள் ஜகார்த்தாவின் மூன்று சந்தைகளில், பிராமுகா, பாரித்தோ, ஜாத்திநெகாரா, பறவைகளைத் தலை எண்ணினார்கள். 206 வகை, 19,036 பறவை. அதில் பெரியது பிராமுகா. இந்த எண்ணை நான் பல முறை படித்திருக்கிறேன், பேச்சில் எடுத்துவிட்டிருக்கிறேன். அங்கே நின்றபோது அது ஒரு பெட்டியைக்கூட எண்ண உதவவில்லை. நூறு சில்லைகளை எண்ணிப் பாருங்கள், முப்பதுக்கு மேல் அவை உங்களை எண்ண விடாது.

சுச்சாக் ராவா எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டுப் போனதில் மாடியில் ஒரு கிழவரிடம் கொண்டுபோய் விட்டார்கள். எல்லோரும் அவரை பாக் ஹாஜி என்றார்கள், பாக் என்றால் ஐயா; நானும் அப்படியே. கட்டம் போட்ட சாரம், வெள்ளைத் தொப்பி, காதோரத்தில் பாதி குடித்து அணைத்த சிகரெட். பதினெட்டு வருடம் சிங்கப்பூரில் பொறுக்கிய பாசார் மலாயை, அதாவது சந்தை மலாயை, நான் அவிழ்த்துவிட்டேன். “மாஸ் பேசுவது என் தாத்தா காலத்துப் பேச்சு மாதிரி இருக்கிறது” என்று, தம்பி என்கிற மாதிரி மாஸ் போட்டுச் சொல்லி, உட்காரப் பலகை போட்டு, பையனை அனுப்பிக் காப்பி வரவழைத்தார். வாங்க வந்தவன் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். “தெரிகிறது” என்றார். “வாங்க வருகிறவன் மேலே பார்ப்பான். நீங்கள் கீழே பெட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.”

ஜாவாக்காரனுக்கு வாழ்க்கையில் ஐந்து இருக்க வேண்டும் என்று விரல் மடக்கினார். விஸ்மா, வனித்தா, துராங்கா, சுரிகா, குக்கிலா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வனிதை, துரங்கம், சுரிகை, கோகிலம்! பெண், குதிரை, குத்துவாள், குயில். விஸ்மா மட்டும் வீடு என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. மற்ற நாலும் நம் பழைய பாட்டுகளில் கிடக்கிற சொற்கள். கடல் தாண்டி வந்து இந்த மாடியில் பறவை எச்சத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன. குயில் என்றால் அவர்களுக்கு எல்லாப் பறவையும். “குதிரை இப்போது மோட்டார் சைக்கிள். வாளை யாரும் செருகிக்கொண்டு போவதில்லை. பறவைதான் பறவையாகவே இருக்கிறது” என்றார் பாக் ஹாஜி.

அவர் சொல்வது வெறும் பெருமையில்லை. 2020-ல் வந்த ஓர் ஆய்வு, ஜாவாவில் மூன்றில் ஒரு வீட்டில் கூண்டுப் பறவை இருக்கிறது, மொத்தம் ஆறு கோடியே அறுபது லட்சத்திலிருந்து எட்டு கோடியே நாற்பது லட்சம்வரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டின் மக்கள்தொகை அளவுக்குக் கூண்டுகளில் பறவைகள்.

நான் சட்டத்தைப் பற்றி இழுத்தேன். 2018-ல் அரசு பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலைப் புதுப்பித்தபோது முராய் பத்துவும் சுச்சாக் ராவாவும் அதில் இருந்தன. பறவை வளர்ப்பவர்கள் கொதித்துப்போய்ப் போராட, சில மாதங்களிலேயே இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பாக் ஹாஜி அதில் ஒளிக்கவில்லை. “நானும்தான் கத்தினேன். வீட்டில் இருக்கிற பறவைக்கு ஒருநாள் காலையில் லைசென்ஸ் வாங்கு என்றால்?” பிறகு ஜாலாக் சுரேன் கூண்டு ஒன்றைக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமான மைனா வகை. “இதைக் காட்டில் காட்டுங்கள் பார்ப்போம். ஒன்றும் கிடையாது. இங்கே எத்தனை வேண்டும்? எங்களால்தான் இது உயிரோடு இருக்கிறது.”

இதில் கோபம் வருவது என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி நிஜம். ஜாவாவில் அந்தப் பறவை காட்டில் அற்றுப்போன மாதிரிதான்; கூண்டுகளில் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். ஆனால் காட்டிலிருந்து போனதும் இந்த வழியாகத்தானே பாக்? அதைச் சொல்ல எனக்கு நா வரவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த காப்பி கையில் இருந்தது. காப்பகத்தில் வைத்துக் காப்பாற்றினால் மட்டும் என்ன? கறுஞ்சிறகு மைனாவைப் பெருக்கிக் காட்டில் விட வேண்டும் என்று மேற்கு ஜாவாவில் சிக்கானாங்காவில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 2014-ல் திருடர்கள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள்.

சுச்சாக் ராவா அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. காலில் வளையம், பண்ணையில் பிறந்தது. உறையை விலக்கினார். அதே வைக்கோல் தலை, அதே மீசை. உபினில் எப்போதும் முப்பது அடி உயரத்தில் இலைக்குள் பாதியாகத் தெரிகிறதை ஒரு சாண் தூரத்தில் முழுதாகப் பார்த்தேன். கண் பழுப்புச் சிவப்பு என்பதை அன்றுதான் கவனித்தேன். அவர் சீழ்க்கையடித்தார். அது நாலு சுரம் பாடியது, நிறுத்தியது. மறுபடி அதே நாலு. குடத்தில் தண்ணீர் அவ்வளவுதான்.

“எங்கெல்” என்றார் உதட்டைப் பிதுக்கி. ஒற்றைக்குரல். ஜோடி போட்டு, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு பாடினால் ரோப்பெல். அதற்குத்தான் விலை, மரியாதை எல்லாம். “பாடச் சொல்லிக்கொடுக்க இதற்கு அப்பன் இல்லை. இதன் அப்பனுக்கும் அப்பன் இல்லை. காட்டுப் பாட்டு கேட்ட பறவை இப்போது எங்கே இருக்கிறது? எல்லாம் கேசட்டைக் கேட்டு வளர்ந்தவை.”

நான் போனை எடுத்தது அப்போதுதான். யோசித்து எடுத்ததில்லை, பெருமைதான் காரணம். போன ஜனவரியில் உபினில் பதிவு செய்தது, ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ஒலியைக் கூட்டி வைத்தேன். பாக் ஹாஜி காதோரச் சிகரெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், பற்றவைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பையன் குரோத்தோ முறத்தோடு நின்றுவிட்டான். கூண்டிலிருந்த ஒற்றைப் பறவை தலையைச் சாய்த்து, கம்பியின் இந்தப் பக்கம் தாவி வந்தது.

“ரோப்பெல்” என்றார், மூச்சோடு. கொஞ்சம் பொறுத்து, “இரண்டு இல்லை. மூன்று இருக்கிறது. தூரத்தில் ஒன்று, குஞ்சு, இப்போதுதான் பழகுகிறது.” நான் அந்தப் பதிவை ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். மூன்றாவது குரல் எனக்குக் கேட்டதே இல்லை. மறுபடி போட்டோம். இருந்தது. சுரத்தை எட்டிப் பிடிக்க முடியாமல் பாதியில் விட்டுவிடுகிறது. பைனாகுலரும் கையேடும் மாட்டிக்கொண்டு திரிகிற எங்கள் கோஷ்டியில் ஒருவருக்கும் இப்படி ஒரு காது கிடையாது என்பதை அந்தப் பலகையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டேன்.

“நாற்பத்தைந்தாவது விநாடியில் யாரோ சைக்கிள் மணி அடிக்கிறான்” என்றும் சொன்னார், வருத்தமாக. அடித்தது என் மனைவி. நடுவழியில் நின்று பதிவு செய்துகொண்டிருந்த என்னை ஒதுங்கச் சொல்லி.

எதிர்பார்த்தது அடுத்து வந்தது. “மாஸ், இதை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள்.”

மாஸ்தேரான் என்று ஒரு வேலை இருக்கிறது. நல்ல பாடகனின் பாட்டை இளம் பறவைக்குத் தினமும் போட்டுக் கேட்கவைத்துப் பாடம் ஏற்றுவது. முன்பெல்லாம் உயிருள்ள பறவையைப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள், இப்போது ஸ்பீக்கர். அதற்குத்தான் கேட்டார், சந்தேகமில்லை. ஆனால் அதே பதிவை வலைக்குப் பக்கத்தில் ஒலிக்கவிட்டால் காட்டுப் பறவை தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று பறந்து வந்து மாட்டும். அதனாலேயே எங்கள் கோஷ்டியில் கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்வதில்லை, பதிவைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. விதியை எழுதி வைத்தவர்களில் நானும் ஒருவன். “எங்கே பதிவு செய்தது?” என்றார். “சிங்கப்பூர்” என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். “பயப்படாதீர்கள். அங்கே பறவையைப் பிடித்தால் அபராதம் பறவையின் விலையைவிட அதிகம்.”

2022-ல் வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்துக்காகப் பனாமாவில் கூடிய நாடுகள், காட்டில் பிடித்த இந்தப் பறவையின் சர்வதேச வியாபாரத்தைத் தடைசெய்யும் பட்டியலில் இதைச் சேர்த்தன. பாட்டுக்கு அப்படித் தடை ஏதுமில்லை. காடு மறந்துபோன ஒரு பாட்டை ஒரு கிழவர் கூண்டுக்குள்ளாவது ஒட்டவைக்கப் பார்க்கிறார் என்றும் தோன்றியது. இவர் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்றும் தோன்றியது. அவர் மணியை வெட்டிவிட்டு அனுப்பச் சொன்னார். எனக்கு வெட்டத் தெரியாது என்றேன், தெரியும். நாற்பது விநாடி துண்டு ஒன்றாகக் குறைத்து, அந்த மூன்றாவது குஞ்சு வருகிற இடத்தை விட்டுவிட்டு, மணியோடு அனுப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. வலை போடுகிறவனுக்கு மணிச்சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை இருந்திருக்கலாம்.

கீழே இறங்கும்போது சில்லைப் பெட்டியைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. வாங்கிப் பறக்கவிடலாமா என்று கை பர்ஸுக்குப் போனது. வாங்கினால் நாளைக்கு இன்னொரு நூறு வரும். கை திரும்பி வந்துவிட்டது. இப்படிக் கணக்குப் பார்ப்பது சரிதான் என்று தெரியும். சரியாக இருந்தும் மனசு ஆறவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். “அனுப்பியிருக்கக் கூடாது” என்றாள் மனைவி. ஒரு வாரம் கழித்து, “அந்தத் தாத்தா வேறு எதுவும் அனுப்பினாரா?” என்றாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு வீடியோ வந்தது. அதே மாடி, அதே கம்பி. சுச்சாக் ராவா இல்லை, ஒரு சோலைப்பாடி. கேட்டதையெல்லாம் திருப்பிப் பாடுகிற ஜாதி. வாலை ஆட்டி ஆட்டித் தன் பாட்டைப் பாடுகிறது. நடுவில் குடம் சாய்கிறது, சந்தேகமே இல்லை, உபின் குடம், முழு வளைவோடு. அது முடிந்த கையோடு கிணிங் கிணிங் என்று இரண்டு தடவை, ஒதுங்கு என்கிற அதே அவசரத்தில்.

கீழே பாக் ஹாஜி எழுதியிருந்தார். “மணியை வெட்டச் சொன்னேனே மாஸ். போட்டியில் நடுவர் சிரித்துவிட்டார்.”